டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று கேட்டாய்

தினேஷ்,

போன மாதம் நீ போனில் கேட்டதை உன் அம்மா என் காதருகே குனிந்து கத்திச் சொன்னாள். "ஒரகடத்துல கம்பெனி வேலைய விட்டுட்டு வர்றானாம். சொந்தமா பைபர் படகு வாங்கப் போறானாம். இன்ஜின் டூ ஸ்ட்ரோக் போடறதா, ஃபோர் ஸ்ட்ரோக் போடறதான்னு உங்கள கேக்கச் சொல்றான்." நான் கையை விரித்து, "அவன் இஷ்டம்னு சொல்லு" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமானால், பதினான்கு வருஷமாக நான் மறைத்து வைத்திருந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். போனில் உன்னோடு பேச என் காது உதவாது. அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. படித்துவிட்டு மடித்து உள்ளே வைக்காதே. யார் கேட்டாலும் படிக்கக் கொடு.

நீ ஏழாவது படிக்கும்போது நான் அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினை வாங்கினேன். உனக்கு நினைவிருக்கும், அதன் மூடிக்கு நீதான் சந்தனமும் குங்குமமும் வைத்தாய். நம் கரையில் துறைமுகம் கிடையாது. படகை மணலிலிருந்து தள்ளி, உடைந்து வரும் அலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி பார்த்து, ஒரே மூச்சில் வெளியே போய்விட வேண்டும். அதற்கு டூ ஸ்ட்ரோக் மாதிரி ஒரு இன்ஜின் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். கயிற்றை இழுத்தால் எழும், கைப்பிடியைத் திருகினால் பாயும். எடையும் குறைவு, ஒருத்தனாகத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கடலில் மூழ்கினாலும் நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் துடைத்தால் மறுநாள் ஓடும். பெட்ரோலில் ஆயிலை அளவாகக் கலக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகை கண்ணைக் கரிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால், "அது ஏரியில காத்து வாங்கப் போறவனுக்குப்பா" என்று நான்தான் முதலில் சிரிப்பேன். நான்கு பேர் என் பேச்சைக் கேட்டு டூ ஸ்ட்ரோக் வாங்கினார்கள்.

அதன் சத்தத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில்தான் ஓட்டுகிறவன் உட்கார வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கரைக்கு வந்தபிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் சாப்பிடும் வரை இருந்தது, பிறகு தூங்கும் வரை இருந்தது, அப்புறம் போகவே இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கூனிமேட்டு மெக்கானிக் பாயிடம் இன்ஜினைக் காட்டப் போனேன். இழுவை குறைந்திருந்தது. பாய் அதைத் தண்ணீர் பீப்பாயில் பொருத்தி ஓட விட்டார். ஓடத் தொடங்கியதுமே முகத்தைச் சுளித்து அணைத்துவிட்டார். "இவ்ளோ தட்டுது, எத்தினி நாளா இப்பிடியே ஓட்டுறீங்க?" என்றார். எனக்கு ஒரு தட்டலும் கேட்கவில்லை. அவருடைய பட்டறையில் வேலை செய்கிறவர்கூட உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். நான் "நேத்துலேருந்துதான் பாய்" என்று பொய் சொன்னேன். பாய் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் முதுகுப் பக்கம் போய் நின்று ஏதோ பேசியிருக்கிறார். நான் திரும்பவில்லை. பிறகு முன்னால் வந்து தோளைத் தொட்டு, "காதைக் காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் இன்ஜினைப் பாக்கலாம்" என்றார். சரி என்றேன். நான் போகவில்லை, தினேஷ். காது மந்தம் என்று தெரிந்தால் என் கையில் இன்ஜினை விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் பேசும்போது உதட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சம்பவம் அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து நடந்தது. உன் சேகர் மாமாவின் கால் எப்படிப் போனது என்று கேட்டால் நம் வீட்டில் எல்லாரும், முன்னால் நின்றவன் கவனிக்கவில்லை, அலை படகைத் தள்ளிவிட்டது என்பார்கள். நீயும் அதைத்தான் நம்பி வளர்ந்தாய். நடந்ததை எழுதுகிறேன். காலை ஒன்பது மணி இருக்கும். நானும் ஏழுமலையும் மட்டும் படகில் வந்துகொண்டிருந்தோம். ஏழுமலை எத்தனையோ வருஷம் என்னோடு தொழிலுக்கு வந்தவன். நான் இன்ஜினில், அவன் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நிற்பான். அலை உடைகிற இடத்தில் கரையேறும்போது ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க முடியாது. பின்னால் எழுந்து வரும் அலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது படகைக் குப்புறத் தள்ளிவிடும். முன்னால் இருப்பதைப் பார்த்துச் சொல்கிற கண் அணியத்தில் நிற்பவனுடையது. அதைக் கேட்கிற காது ஓட்டுகிறவனுடையது. அப்படித்தான் நாங்கள் இத்தனை காலமும் கரையேறினோம்.

அன்று கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது என்று அதை விடுவிக்கச் சேகர் நீந்தி வந்திருக்கிறான். அவன் தலையை ஏழுமலை பார்த்துவிட்டான். "ஆளு! ஆளு! அணைச்சிடுணா!" என்று கத்தியிருக்கிறான். கரையில் இருந்தவர்களுக்கு அலைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. எனக்கு இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறான், நான் பின்னால் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் அணியத்தை விட்டுப் பின்பக்கம் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினேன். அதற்குள் படகு அடியில் எதன் மீதோ ஏறி இறங்கியது என் காலுக்குத் தெரிந்தது. இன்ஜினுக்குக் கீழே தண்ணீரில் சுழலும் இலை சேகரின் வலது முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்துவிட்டது. தண்ணீர் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் கைப்பிடியை விட்டேன். உன் அம்மாவின் கூடப் பிறந்த தம்பியை, என்னை மாமா மாமா என்று சுற்றி வந்தவனை, நானும் ஏழுமலையும் தூக்கிப் படகில் போட்டோம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் குப்பத்து ஆட்கள் இருபது பேர் நின்றார்கள். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகமாகச் சொல்லியிருந்தார். உன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் ஏழுமலையைப் பார்த்து, "முன்னாடி நின்னது நீதானே, சத்தம் குடுக்கலியா?" என்று கேட்டார். அவர் என் எதிரிலேயே நின்றதால் உதட்டைப் படித்துவிட்டேன். ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவன் கவனிக்கலபோல. அலையும் தள்ளிடுச்சு." இவ்வளவுதான். ஏழுமலை என்னைப் பார்த்தான். இவன் இப்போது பயத்தில் சொல்லிவிட்டான், நாளைக்குச் சரியாகச் சொல்லிவிடுவான் என்று நம்பிய பார்வை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சேகரின் கால் தப்பியது, ஆனால் நடை போயிற்று. மறுபடி அவன் கடலுக்குப் போகவே இல்லை. ரோட்டோரம் டீக்கடை வைத்தான். ஏழுமலையை அணியத்தில் ஏற்ற ஒரு படகும் சம்மதிக்கவில்லை. "நின்னுகிட்டே தூங்கறவன்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். நானும் கொஞ்ச நாளில் முதுகு வலி என்று சொல்லிப் படகை விற்றேன். உண்மையில், அணியத்தில் யார் நின்று கத்தினாலும் எனக்குக் கேட்காது என்பதுதான் காரணம். என் காது மந்தமானது ஊருக்குத் தெரிந்தபோது அதை யாரும் அந்த நாளோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வயசாகிறது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இதை அப்படியே என்னோடு கொண்டுபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். மதியம் டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு டிவி சத்தம் தெரியாது, ஆனால் நீ ரிமோட்டை அழுத்தும்போது திரையின் ஓரத்தில் ஓடிய எண்களைப் பார்த்தேன். முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். நீ சிரித்தாய். ஆறு வருஷமாக நீ இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் பக்கத்தில் நின்று வேலை செய்கிறாய். காதில் வைக்கக் கொடுக்கிற அடைப்பானை வியர்க்கிறது என்று நீ வைப்பதில்லை, நீயே சொன்னாய். இப்போது அந்தக் காதோடு வந்து, டூ ஸ்ட்ரோக் பக்கத்தில் உட்காரப் போகிறாய். உன் முன்னால் எவனோ ஒருவன் அணியத்தில் நின்று கத்தப் போகிறான். உன் இஷ்டம் என்று எப்படி விடுவேன்?

உன் போன் வந்த மூன்றாம் நாள் உப்பளத்துக்குப் போனேன். ஏழுமலை பாத்தியில் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தான். வெயிலில் கண் கூசியது. அவன் முடி முழுக்க வெளுத்துவிட்டது, என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னைப் பார்த்ததும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு நின்றான். நான் வரப்பில் நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு நீ கத்தினே. எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு, எனக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன் மேல போட்டேன்." அவன் ஏதோ பேசினான். நிறையப் பேசினான். வெயிலுக்கு முகத்தில் துண்டு கட்டியிருந்ததால் உதடு தெரியவில்லை, ஒரு வார்த்தை புரியவில்லை. பதினான்கு வருஷம் கழித்து அவன் வாய் திறக்கிறான், எனக்கு அது கேட்கவில்லை. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் பாத்தியை விட்டு ஏறி வந்து, துண்டை அவிழ்த்து, என் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"ஒரு வாரம் பார்த்தேன்ணா, நீ சொல்லிடுவேன்னு. நீ சொல்லல. அப்பறம் நான் சொன்னா எவன் நம்புவான்? சேகர் கடையில எனக்கு டீ குடுக்க மாட்டான் தெரியுமா உனக்கு? என் பொண்டாட்டி, எம் புள்ளைங்ககூட ஒருவேளை நான் தூங்கிட்டேனோன்னு நினைச்சிச்சுங்க. எனக்கே அப்பப்போ அந்தச் சந்தேகம் வந்துடும்ணா."

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? ஊர்ல சொல்லு" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் எதிரே பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னேன். காது கேட்காதவனுக்கு என்ன வழக்கு என்று நினைத்திருப்பார்கள். ஏழுமலையும் வந்து கடைசியில் நின்றான். சேகர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். உன் அம்மாவிடம் அன்று காலையில்தான் சொன்னேன். அவள் புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தாள். எனக்கு என் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது, கத்திப் பேசியிருப்பேன். மெக்கானிக் பாய் சொன்னதிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தா வரை எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாயத்தார் ஏழுமலையை முன்னால் கூப்பிட்டு, அவன் மேல் இருந்த பேச்சு பொய் என்று ஊர் அறியச் சொன்னார்கள். என்னை அவன் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன். எழுந்து பார்த்தபோது சேகர் நாற்காலியில் இல்லை. அவன் தாங்கித் தாங்கி ரோட்டுப் பக்கம் நடந்து போவது தெரிந்தது. உன் அம்மா பின்னாலேயே ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ வரும்போது வீடு முன்பு போல இருக்காது என்பதால் இதையெல்லாம் எழுதுகிறேன். உன் அம்மா தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். என் காதருகே அவள் குனிந்து மூன்று வாரம் ஆகிறது. சேகர் நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தபோது, உப்பளத்துக்கு லோடு ஏற்ற ஆள் கூட்டிப் போகிற வண்டியை அவனே கைகாட்டி நிறுத்தி ஏழுமலையை இறக்கினானாம். இரண்டு பேரும் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் சேகர் பேசவில்லை. பேசுவானா என்றும் தெரியாது. உன்னிடம் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன், அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கு. நான் இத்தனை நாள் சிரித்ததற்கெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். அது ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். பாயிடம் போய்க் கேட்டேன், அவர் எழுதியே காட்டினார். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், புகையும் குறைவு, ஆயில் கலக்க வேண்டாம். ஆனால் அதை நம்பி மெத்தனமாக இருந்துவிடாதே, அதற்கும் ஆயிரம் பயம் இருக்கிறது. எடை கூடுதல், ஒருத்தனாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். படகின் பின்பலகை அந்த எடையைத் தாங்குமா என்று கட்டுகிறவனிடம் முதலிலேயே கேள். பின்பக்கம் தாழ்ந்தால் அலை உள்ளே ஏறும், ஐஸ் பெட்டியை முன்னால் தள்ளி வை. கழற்றிக் கீழே சாய்க்கும்போது எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அதன் மேலேயே போட்டிருக்குமாம். மாற்றிச் சாய்த்தால் ஆயில் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். தினமும் ஆயில் அளவைப் பார். படகு அலையில் கவிழ்ந்து இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டால், டூ ஸ்ட்ரோக் மாதிரி நாமே அலசித் துடைத்துக்கொள்ளலாம் என்று கரையில் வைத்துக் கழற்றாதே, அன்றைக்கே பாயிடம் கொண்டு போ. டூ ஸ்ட்ரோக் மாதிரி எகிறிப் பாயாது என்று சொல்வார்கள். அதற்குத் தகுந்த மாதிரி அலையின் இடைவெளியை இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார். பொறுக்க முடியாத நாளில் கடலுக்குப் போகாதே. இவ்வளவையும் எழுதிவிட்டு, நீ அந்த வேலையையே விடாமல் இருந்தால் என்ன என்றும் நினைக்கிறேன். அந்த பிரஸ் சத்தத்தை நினைத்தால் அங்கே இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. உனக்கு நான் எந்த இடத்தைக் காட்டுவேன்?

இன்ஜின் கடைக்குப் போவதற்கு முன்னால் காதைக் காட்டு. அந்தப் பரிசோதனைச் சீட்டை என்னிடம் காட்ட வேண்டாம், உன்னோடு படகில் வரப்போகிறவனிடம் காட்டு. அது யாராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும், நேற்று உப்பளத்துக்குப் போய்க் கேட்டேன். "எம் புள்ள படகுல அணியத்துக்கு வருவியா?" ஏழுமலை பாத்தியில் மிச்சமிருந்த உப்பை வாரி முடித்தான். பிறகு என் காதில் கத்தினான்: "உன் வாயால வேணாம். அவன் வந்து கேக்கட்டும்."

மழை இறங்கினால் உப்பளம் மூடிவிடும், அவன் வேறு வேலை தேடி எங்காவது போய்விடுவான். அதற்குள் வா. நேராக உப்பளத்துக்குப் போ. அவன் மெதுவாகப் பேசுகிறவன், எனக்காகத்தான் கத்தினான். உன்னிடம் கத்த மாட்டான். அவன் சொல்வது காதில் விழாவிட்டால், கேட்ட மாதிரி தலையாட்டிவிடாதே. நான் அப்படித்தான் இத்தனை வருஷம் தலையாட்டினேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேள்.

அப்பா